ஆறும் ஒண்ணும்

என் மகள் கணக்கை வாய்விட்டுத்தான் படிப்பாள். மனதுக்குள் படித்தால் தப்பு ஒளிந்துகொள்ளும், காதில் விழுந்தால்தான் மாட்டும் என்பது அவள் கட்சி. திருப்பதியில் ஒரு கல்லூரியில் கணக்கு டீச்சர் அவள். வேலையில் இருந்துகொண்டே டாக்டர் பட்டத்துக்கும் படிக்கிறாள். மாப்பிள்ளைக்குச் சத்தியவேட்டுப் பக்கம் கம்பெனி வேலை, வாரக் கடைசியில்தான் வருவார். மற்ற நாளெல்லாம் வீட்டில் நானும் அவளும் அவளுடைய லேப்டாப்பும்தான்.

கல்லூரி விட்டு வந்து சாப்பிட்டு முடித்ததும் கூடத்தில் உட்கார்ந்து ஆரம்பிப்பாள். "ஃபார்... இன் ரேஞ்ச்... இஃப்... எல்ஸ்..." என்று போகும். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. தமிழே எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். இதையும் அப்படித்தான் எழுத்தெழுத்தாக எழுதிக்கொண்டு போகிறேன், எனக்கு ஒன்றும் அவசரம் இல்லை. ஆனால் நம்பரை எந்தப் பாஷையில் சொன்னாலும் எனக்குப் புரியும். வியாபாரம் செய்தவள் நான். தமிழில், தெலுங்கில், உருதுவில், இங்கிலீஷில், எதில் கேட்டாலும் விலை சொல்வேன்.

அவள் படிப்பது முடிச்சுக் கணக்கு. அப்படி ஒரு கணக்கு உண்டு என்று அவள் சொன்னபோது நான் நம்பவில்லை.

"கயித்துல முடிச்சு போடறோமே, அதுல எத்தினி தினுசு கீதுன்னு எண்ணறதும்மா."

"அதுக்கு இன்னாத்துக்கு காலேஜு? மாட்டுக் கொட்டாயில போய் நின்னா சாயந்தரத்துக்குள்ள எண்ணிக்கினு வந்துடலாமே."

"நீயே எண்ணிக் குடு. உன் பேருக்குப் பட்டம் வாங்கித் தரேன்."

எண்ணுவதற்கு ஒரு சாப்ட்வேர் வைத்திருந்தாள். காசு கொடுத்து வாங்கியது இல்லை. கணக்குத் தெரிந்தவர்கள் எங்கெங்கேயோ இருந்துகொண்டு சேர்ந்து செய்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், உள்ளே திறந்து பாருங்கள், திருத்துங்கள் என்று விட்டிருக்கிறார்களாம். அதில் இவள் எழுதின புரோகிராம் ஒன்று மக்கர் செய்தது. கயிறு தன் மேல் தானே ஆறு தடவை குறுக்கே போகிற முடிச்சு வரைக்கும் சரியாக எண்ணிச் சொன்னது. அதற்கு மேலே ஒன்று கூட்டினால் நேற்றைக்கு ஒரு பதில், இன்றைக்கு ஒரு பதில். காலையில் சொன்னதைச் சாயந்தரம் சொல்வதில்லை.

எனக்கு அது பிடிக்கவில்லை. தப்பாகச் சொன்னால் தப்பு என்று விட்டுவிடலாம். ஒரே கேள்விக்கு வேளைக்கு ஒரு பதில் சொன்னால் உள்ளே யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றும். சொன்னால் சிரிப்பாள் என்று சொல்லவில்லை.

கடைசியில் அவள், "கேட்டுப் பாக்கறேன்" என்றாள்.

"ஆரை?"

"ஆருன்னு இல்லம்மா. அந்த சாப்ட்வேருக்குன்னு ஒரு இடம் கீது, நெட்ல. சந்தேகத்தை எழுதிப் போட்டா தெரிஞ்சவங்க வந்து பதில் எழுதுவாங்க."

"கூலி?"

"கூலி கெடையாது."

வெயில் காலத்தில் தண்ணீர்ப் பந்தல் வைப்பது போல என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் தண்ணீர்ப் பந்தலில் மொண்டு ஊற்றுகிறவன் முகம் தெரியும். இதில் முகம் இல்லை. பதில் எழுதுகிறவர்கள் சிலர் பூனைப் படம் வைத்திருந்தார்கள், சிலர் மலைப் படம். சிலருக்கு ஒன்றுமே இல்லை, சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம், அதற்குள் ஒரு தலையும் தோளும், கண் மூக்கு இல்லாமல். பேரும் பேர் மாதிரி இல்லை. எழுத்தை அள்ளி எறிந்த மாதிரி இருந்தது.

மகளுடைய கேள்விக்குப் பதில் எழுதியது அப்படி ஒரு சாம்பல் வட்டம்.

அன்றைக்கு அவளுக்குக் கல்லூரி லீவு. மத்தியானம் கரண்ட் போயிருந்தது, போன் நெட்டை வைத்துத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஃபேன் நின்றால் எங்கள் தெருவில் மலைப் பக்கத்துச் சத்தமெல்லாம் கேட்கும், குரங்கு தண்ணீர்த் தொட்டி மேல் குதிப்பது வரைக்கும். அன்றைக்கு அதுகூட இல்லை. நான் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். லேப்டாப் வெளிச்சம் மட்டும் அவள் முகத்தில் அடித்தது. பதிலில் இருந்த புரோகிராமை வாய்விட்டுப் படித்துக்கொண்டே போனாள்.

"...ரேஞ்ச், சிக்ஸ் ப்ளஸ் ஒன்..."

முறம் என் கையில் நின்றது.

"மறுபடி படி."

"எதை?"

"இப்ப சொன்னியே, அதை."

"சிக்ஸ் ப்ளஸ் ஒன்."

"ஆறும் ஒண்ணும்னுதானே எழுதிக்கீறான்?"

அதுவரைக்கும் பதில் எழுதுகிறவர்களை நான் அவர் இவர் என்றுதான் சொல்வேன். முகம் தெரியாதவர்களுக்கு மரியாதை கொடுக்கத்தானே வேண்டும். அன்றைக்கு வாயிலிருந்து 'றான்' என்று வந்தது. என் மகள் நிமிர்ந்து பார்த்தாள்.

இதைப் புரிய வைக்க எங்கள் மண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெதுருகுப்பத்தில் எங்களுக்கு வேர்க்கடலை மண்டி இருந்தது. பேசுவது என் வீட்டுக்காரர், அளப்பது நான். படியின் விளிம்பில் என் உள்ளங்கை ஓடினால் ஒரு பருப்பு கூடாது, ஒரு பருப்பு குறையாது. அந்த வட்டாரத்தில் கடலை விளைவிக்கிற சம்சாரிகள் என் கையால் அளந்தால்தான் ஒத்துக்கொள்வார்கள். முதல் படியை நாங்கள் ஒன்று என்று சொல்வதில்லை, லாபம் என்போம். லாபம், ரெண்டு, மூணு என்று போகும். அது எல்லா ஊரிலும் உள்ளதுதான். தெலுங்குக்காரர்களுக்கு இன்னொன்றும் உண்டு. ஏழுக்கு அவர்கள் பாஷையில் ஏடு. அழு என்பதற்கும் அதே ஏடுதான். விளைந்ததை அளக்கிற வேளையில் அழு என்று எவன் சொல்வான்? அதனால் ஆறும் ஒன்றும் என்று சொல்லித் தாண்டிவிடுவார்கள். நாங்கள் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள், எங்களுக்கு ஏழு வெறும் ஏழுதான். ஆனால் குவியலுக்கு எதிரே நிற்பவர்கள் தெலுங்குக்காரர்களாயிற்றே. அவர்கள் மனசுக்காக நான் தமிழிலேயே "ஆறு, ஆறும் ஒண்ணும், எட்டு" என்று எண்ணப் பழகிவிட்டேன். தமிழில் அப்படி எண்ணின மண்டி வேறெங்கும் இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

என் மூத்தவன், மகன், அந்தக் குவியல் பக்கத்தில் உட்கார்ந்துதான் எண்ணக் கற்றான். பள்ளிக்கூடத்தில் தெலுங்கு வாத்தியார் ஆறுக்கு அப்புறம் என்ன என்று கேட்டதற்கு ஆறும் ஒண்ணும் என்று இவன் சொல்ல, வகுப்பே சிரித்ததாம். அழுதுகொண்டு வருவான் என்று பார்த்தால் அவனும் சிரித்துக்கொண்டுதான் வந்தான். அப்புறம் அதை வேண்டுமென்றே வைத்துக்கொண்டான். மூட்டை மேல் கரியால் நம்பர் போடுவது அவன் வேலை. 6 போட்ட மூட்டைக்கு அடுத்த மூட்டையில் 6+1 என்று இருக்கும். சந்தைக்காரர்கள், "இன்னாடா இது, மூட்டைக்குள்ள இன்னொரு மூட்டையா?" என்று கிண்டல் செய்வார்கள். பெரியவனாகிக் காலேஜ் போன பிறகும் அந்த நம்பரை மட்டும் அவன் நேராக எழுதி நான் பார்க்கவில்லை. மகள் பிறந்து நடக்கும்போது மண்டியை மூடிவிட்டு சித்தூருக்கு வந்துவிட்டோம். அவளுக்கு இதெல்லாம் தெரியாது.

அவனைத்தான் நாங்கள் ஏர்பேட்டில் எரித்தோம்.

அதையும் சொல்லிவிடுகிறேன். அவனுக்குச் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. அவனுக்கும் அவன் நைனாவுக்கும் பேச்சுவார்த்தை நின்றிருந்த சமயம். போன் வருவது நின்றது, அப்புறம் ரூமிலும் இல்லை என்றார்கள். பிறகு ஒரு நாள் ஏர்பேடு பக்கம் தண்டவாளத்தில் ஒரு பையன் கிடப்பதாகச் சொல்லிப் போலீஸில் வரச் சொன்னார்கள். என் வீட்டுக்காரரும் அவர் தம்பியும் போனார்கள். முகம் பார்க்கிற மாதிரி இல்லையாம். சட்டை அவனுடைய சட்டை. பொங்கலுக்கு நான் எடுத்துக் கொடுத்தது, நீலக் கட்டம் போட்டது. என் வீட்டுக்காரர் சட்டையைப் பார்த்தார், "எம் புள்ளதான்" என்றார், கையெழுத்துப் போட்டார். வீட்டுக்குக் கொண்டுவர முடியாது என்று அங்கேயே எரித்துவிட்டு வந்தார்கள். எனக்குக் காட்டவில்லை. அதன் பிறகு என் வீட்டுக்காரர் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. அவரும் போய்விட்டார். அவர் தம்பியும் போய்விட்டார். வருஷா வருஷம் அந்தத் திதியில் என் கொழுந்தன் மகன் வந்து எள்ளும் தண்ணீரும் விடுகிறான்.

நீலக் கட்டம் போட்ட சட்டை. அந்தப் பொங்கலுக்கு அந்தக் கடையில் அதே சட்டை அடுக்கடுக்காக இருந்ததை நான்தானே பார்த்தேன்.

இவ்வளவையும் மகளிடம் சொன்னேன். அவள் லேப்டாப்பை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள். பிறகு டீச்சர் குரலில் ஆரம்பித்தாள்.

"அம்மா, இந்த மெஷினு எண்ண ஆரம்பிக்கறதே சைபர்ல இருந்து. கடைசியா சொல்ற நம்பரை எண்ணாது, அதுக்கு முன்னாடியே நின்னுடும். ஆறு வரைக்கும் வேணும்னா ஆறு ப்ளஸ் ஒண்ணுன்னு போட்டாத்தான் ஆறுல நிக்கும். எல்லாரும் அப்படிப் போடுவாங்க. நானே போட்டிருக்கேன்."

"எல்லாருமா?"

"எல்லாரும்."

"சரி. அப்போ இவன் ஏழுங்கற நம்பரை எங்கயாவது ஏழுன்னு எழுதிக்கீறானா பாரு."

அவளுக்கு அது பிடிக்கவில்லை, ஆனாலும் பார்த்தாள். அந்த ஆள் அதற்கு முன்னால் மற்றவர்களுக்கு எழுதிய பதில்கள் எல்லாம் அங்கேயே கிடக்கும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஒன்றொன்றாகத் திறந்து வாய்விட்டுப் படித்தாள். நிறைய இருந்தது. யார் யாருக்கோ, எந்தெந்த தேசத்துக்கோ உதவி செய்திருந்தான். கரண்ட் இன்னும் வரவில்லை. ஒரு இடத்தில் நம்பரை வரிசையாக எழுதியிருந்தது. மெஷின் எங்கே நிற்கிறது என்கிற பேச்சே அங்கே இல்லை, வெறும் வரிசை.

"ஃபோர், ஃபைவ், சிக்ஸ், சிக்ஸ் ப்ளஸ்..."

அங்கே நிறுத்திவிட்டாள். மீதியை அவள் படிக்கவில்லை. அந்த நாளுக்கு அப்புறம் அவள் எதையுமே வாய்விட்டுப் படிப்பதில்லை. உதடு மட்டும் அசையும்.

சாயந்தரம் கரண்ட் வந்ததும் மறுபடி டீச்சர் ஆகிவிட்டாள். "எந்தத் தெலுங்குக்காரனா வேணா இருக்கலாம்மா. நீயே சொன்ன, அவங்க பழக்கம்னு."

"சொல்லுவாங்க. எழுத மாட்டாங்க. எழுதறவன் ஒருத்தன்தான்."

"உனக்குத் தெரிஞ்சு ஒருத்தன்."

"எனக்குத் தெரிஞ்சு ஒருத்தன். அவனைப் பத்தித்தான் நான் கேக்கறேன்."

கேட்டுவிடு என்றேன். அவள் தயங்கினாள். அந்த இடத்தில் கணக்கைத் தவிர வேறு பேசக் கூடாதாம், பேசினால் நடத்துகிறவர்கள் அழித்துவிடுவார்களாம். அதனால் நன்றி சொல்லி எழுதுகிற இடத்தில், கடைசியில் ஒரு வரியாக, நீங்கள் ஏழு என்பதை ஏன் ஆறு கூட்டல் ஒன்று என்று எழுதுகிறீர்கள் என்று சேர்த்தாள்.

பதில் உடனே வரவில்லை. அந்த இடைப்பட்ட நாளில் எனக்குச் சோறு இறங்கியது, தூக்கமும் வந்தது. என்னை யாரும் அப்படி லேசில் ஆட்டிவிட முடியாது. ஆனால் கூடத்தில் அந்த லேப்டாப் மூடி வைத்திருக்கும்போது அதன் ஓரத்தில் ஒரு சின்ன வெளிச்சம் மூச்சு விடுகிற மாதிரி ஏறி இறங்கும். அதற்கு முதுகைக் காட்டி என்னால் உட்கார முடியவில்லை.

ஒரு நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவள் வாயில் நுரையோடு வந்து நின்றாள். பதில் வந்திருந்தது. இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் சொன்னாள்.

"பழக்கம்னு எழுதியிருக்குது. 'நான் எண்ணக் கத்துக்கிட்ட எடத்துல அந்த நம்பரைச் சொல்ல மாட்டாங்க.' அவ்ளோதான்."

எண்ணக் கற்றுக்கொண்ட இடம். எனக்குக் கடலைத் தோல் வாசனை வந்தது. நிஜமாகவே வந்தது, மகளையும் முகர்ந்து பார்க்கச் சொன்னேன். ஒன்றும் இல்லை என்றாள். ஆனால் அவள் கை என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"எந்த எடம்னு கேளு."

கேட்டாள். இந்தத் தடவை பதில் சீக்கிரமே வந்தது. அது இந்தக் கேள்விக்குச் சம்பந்தம் இல்லாதது. உங்கள் புரோகிராம் வேலை செய்ததா? செய்தால் தீர்ந்தது என்று குறி போட்டுவிடுங்கள்.

அங்கே அப்படி ஒரு முறை இருக்கிறது. சந்தேகம் தீர்ந்துவிட்டால் கேட்டவர் ஒரு பச்சைக் குறி போட வேண்டும். போட்டுவிட்டால் கேள்வி முடிந்தது, அதற்கப்புறம் அந்தப் பக்கம் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

"வேலை செய்யுதும்மா, ஒழுங்கா. அவங்க சொன்ன மாதிரி மாத்தினதும் செய்யுது. இப்ப எப்ப கேட்டாலும் ஒரே பதில்தான் சொல்லுது. குறி போடாம விட்டா மரியாதை இல்ல."

"மரியாதையை நான் பாத்துக்கறேன். நீ போடாத."

"பொய் சொல்லச் சொல்றியா?"

"பொய் சொல்லாத. இன்னொண்ணு கேளு. உனக்குச் சந்தேகமா இல்ல? வாங்கினு வந்த படிப்பெல்லாம் தீந்து போச்சா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எட்டு தடவை குறுக்கே போகிற முடிச்சைப் பற்றி அவளுக்கு நிஜமாகவே சந்தேகம் இருந்தது, அதைக் கேட்டாள். அவன் பொறுமையாகச் சொன்னான். அடுத்ததைக் கேட்டாள், அதற்கும் சொன்னான். இவள் அவசரத்தில் விட்ட ஒரு எழுத்தைக்கூட எடுத்துச் சொன்னான். அப்படிக் கோபப்படாமல் சொல்கிறவன் என் மகன் இல்லை என்றும் ஒரு சமயம் தோன்றியது, அவனுக்கு மூக்கு நுனியில் கோபம். ஆனால் வயது ஆகியிருக்குமே. ஒவ்வொரு பதிலிலும் ஆறு வரும், ஆறும் ஒண்ணும் வரும், எட்டு வரும். நடுவில் அந்த ஒரு நம்பருக்கு மட்டும் பள்ளம்.

மகள் ஒரு நாள் கேட்டாள், அந்த சைட்டை நடத்துகிறவர்களுக்கு எழுதலாமா, இது யார் என்று விசாரிக்கலாமா என்று. அவர்கள் சொல்ல மாட்டார்கள், ஆனாலும் கேட்டுப் பார்க்கலாம் என்றாள்.

"வேணாம். மறைஞ்சுக்கினு கீறவனைத் துரத்திக்கினு போறவ நான் இல்ல. அவன்தான்னா அவனுக்கு வழி தெரியும்."

"அவன் இல்லன்னா?"

"அவன் இல்லன்னா துரத்தி இன்னா ஆவப் போது?"

ஆனால் ஒன்றே ஒன்று எழுதச் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல, அவள் தான் சொல்கிற மாதிரி இங்கிலீஷில் போட்டாள். எங்கள் மண்டியிலும் அந்த நம்பரைச் சொன்னதில்லை. என் அம்மா வெதுருகுப்பத்தில் கடலை அளந்தவள். அவள் இன்னும் இருக்கிறாள். திருப்பதியில் இருக்கிறாள்.

இதற்குப் பதில் வரவில்லை.

பதில் வராதது பெரிதில்லை. அந்த ஆளுடைய பக்கத்தைத் திறந்தால், கடைசியாக அங்கே வந்துபோனது எப்போது என்று கீழே எழுதியிருக்கும். தினமும் சாயந்தரம் மகளைக் கேட்பேன்.

"வந்தானா?"

"வந்துட்டுப் போயிருக்காங்க."

"இன்னிக்கா?"

"இன்னிக்குத்தான். பத்து நிமிஷம்கூட ஆவல."

அவள் கடைசி வரைக்கும் 'ங்க' போட்டுத்தான் பேசினாள். நாள் தவறாமல் வந்தான். வேறு யாருக்கும் பதில் எழுதுவதையும் நிறுத்திவிட்டான். வருகிறான், பார்க்கிறான், போகிறான். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டு எழுந்து போனால் ஆள் இருக்காதே, அந்த மாதிரி. ஒரு நாள் நான் மகளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அந்தச் சாம்பல் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போதுதான் வந்திருக்கிறான், இந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று மகள் சொன்னாள். நானும் பார்த்தேன். கண் இல்லாத அந்தத் தலை என்னைப் பார்த்தது. நான் முந்தானையைச் சரி செய்துகொண்டேன்.

அன்றைக்குத்தான் இன்னொரு விஷயம் எனக்கு உறைத்தது. இவன் என் மகன் என்றால் ஏர்பேட்டில் எரிந்தவன் யார்?

இத்தனை வருஷமாக நான் இலை போட்டு, அவனுக்குப் பிடிக்கும் என்று கத்தரிக்காய்க் குழம்பு வைத்து, பேர் சொல்லிக் கூப்பிட்டு வைத்த சோற்றை யார் வந்து சாப்பிட்டது? யாரோ ஒருத்தி பெற்றவன், என் மகன் பேருக்கு வந்து, எனக்குத் தெரியாமல் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறான். அவனுக்குக் கத்தரிக்காய் பிடிக்குமோ பிடிக்காதோ. அவன் அம்மா எந்த ஊரிலோ பையன் வருவான் என்று இருப்பாள். எனக்குக் கிடைத்தது ஒரு சட்டை. அவளுக்கு அதுகூடக் கிடைக்கவில்லை.

இந்த நேரத்தில்தான் திதி நெருங்கி, கொழுந்தன் மகன் நகரியிலிருந்து வந்தான். அவனுக்கு அங்கே பவர்லூம். நல்ல பையன், வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

"இன்னா பெரிம்மா, ஐயருக்குச் சொல்லிட்டியா? இந்த வாட்டியும் கபில தீர்த்தம்தானே?"

மகள் முந்திக்கொண்டு எல்லாவற்றையும் அவனிடம் சொல்லிவிட்டாள். அவன் கேட்டுவிட்டு என்னையே பார்த்தான்.

"பெரிம்மா, நம்ப ஊட்ல பேயு மரத்துல இருந்துச்சு. இப்ப லேப்டாப்புக்கு வந்துச்சா?"

"சிரிக்கறதுன்னா சிரிச்சுட்டுப் போடா. இந்த வருஷம் எம் புள்ள பேருல தண்ணி உடக் கூடாது. உயிரோட கீறவனுக்கு எள்ளு எறைச்சா அவன் ஆயுசு குறையும்."

"அவன்தான்னு உனக்கு யாரு சொன்னா? பெரியப்பா கண்ணால பாத்துட்டு வந்தாரு. எங்க நைனாவும் பாத்துச்சு."

"உங்க பெரியப்பா சட்டையைப் பாத்தாரு."

அவன் கிட்டே வந்து உட்கார்ந்தான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான். "பெரிம்மா, செத்தவனைப் பட்டினி போட்டா அது குடும்பத்துக்கு ஆவாது. அவன் இல்லன்னு வெச்சுக்கோ, வேற எவனோ ஒருத்தன் கம்ப்யூட்டர்ல எழுதறான்னு வெச்சுக்கோ. அப்ப உம் புள்ள தண்ணி இல்லாம நிப்பான். நெனைச்சுப் பாரு."

அதை நான் நினைக்காமலா இருந்தேன்? கொடுத்தால் இருக்கிறவனுக்குக் கெடுதல். கொடுக்காவிட்டால் செத்தவன் பட்டினி. எது நிஜம் என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் தினமும் வந்து பார்த்துவிட்டு வாயைத் திறக்காமல் போகிறான்.

திதிக்கு முந்தின நாள் மகளை உட்காரவைத்து மறுபடி எழுதச் சொன்னேன். நாளைக்கு என் அண்ணனுக்குத் திதி. என் அம்மா கொடுப்பதா வேண்டாமா என்று கேட்கிறாள். இரண்டே வரி. மகள் அடித்துவிட்டு, அனுப்புவதற்கு முன் என்னைப் பார்த்தாள். இதை அழித்துவிடுவார்கள் என்றாள். அழிப்பதற்குள் அவன் பார்த்துவிடுவான், அனுப்பு என்றேன்.

சாயந்தரத்துக்குள் அதை அழித்துவிட்டார்கள். அதற்கு முன்னாலேயே அவன் வந்து போயிருந்தான். வேண்டும் என்றும் எழுதவில்லை, வேண்டாம் என்றும் எழுதவில்லை. ஆனால் அவன் பக்கத்தைத் திறந்த மகள் எதையோ தேடினாள். திரும்பத் திரும்பத் திறந்தாள். அங்கே இருந்த பேர் போய், பேர் இருந்த இடத்தில் நீக்கப்பட்டவர் என்று இங்கிலீஷில் வந்துவிட்டிருந்தது. அவன் எழுதினதெல்லாம் அப்படியே இருந்தது. எழுதினவன் மட்டும் இல்லை. நடத்துகிறவர்கள் துரத்தினால் வேறு வார்த்தை வருமாம், அவனேதான் எடுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும் என்றாள்.

"இதுதாம்மா பதிலா?" என்று கேட்டாள். அழுதாள். அவளுக்கு அண்ணன் முகமே சரியாக ஞாபகம் இல்லை, அதற்காகத்தான் அழுதாள் என்று நினைக்கிறேன். நான் அழவில்லை. செத்தவன் பேரை நாம்தான் எடுக்க வேண்டும். உயிரோடு இருக்கிறவன்தான் தன் பேரைத் தானே எடுத்துக்கொண்டு போவான்.

மறுநாள் வெயில் ஏறுவதற்குள் கபில தீர்த்தத்துக்குப் போனோம். அருவி மெலிந்து விழுந்துகொண்டிருந்தது. கொழுந்தன் மகன் ஈர வேட்டியோடு வந்து ஐயர் முன்னால் உட்கார்ந்தான். நான் அவனை வரச் சொன்னதில் அவனுக்குத் திருப்தி, பெரியம்மா வழிக்கு வந்துவிட்டாள் என்று நினைத்திருப்பான். ஐயர் தர்ப்பையைக் கொடுத்துவிட்டு வழக்கம் போலப் பேரைக் கேட்டார். அவன் வாயைத் திறப்பதற்குள் நான், "பேர் சொல்லாத" என்றேன்.

ஐயர் என்னைத் திரும்பிப் பார்த்தார். தெலுங்குக்காரர், வயதானவர். "பேரு லேகுண்டா எட்லம்மா?" என்றார். பேர் இல்லாமல் எப்படி என்கிறார்.

"கடைசியில ஆருமில்லாதவங்களுக்குன்னு ஒரு கை தண்ணி உடச் சொல்லுவீங்களே சாமி, அதை மொதல்லயே சொல்லுங்க. அதை மட்டும் சொல்லுங்க. ஏர்பேட்டுல எரிஞ்ச புள்ளைக்கு."

"அந்தப் புள்ள பேரு?"

"எனக்குத் தெரியாது சாமி. தெரிஞ்சவ எந்த ஊர்லயோ இன்னும் கதவைத் தாப்பா போடாம வெச்சிருப்பா."

கொழுந்தன் மகன் ஏதோ சொல்ல வந்தான். ஐயர் கையைக் காட்டி அவனை நிறுத்தினார். எள்ளை எடுத்து அவன் உள்ளங்கையில் போட்டுவிட்டு, என்னைப் பார்க்காமல் மந்திரத்தைச் சொல்ல ஆரம்பித்தார்.